பழைய எஸ்யூவிக்கு இசிஎம் போனால்: புதுசா, கழற்றியதா, ரிப்பேரா?

பொள்ளாச்சியோ தாராபுரமோ ஈரோடோ, பத்துப் பதினைந்து வருடம் ஓடிய ஸ்கார்ப்பியோவோ சஃபாரியோ வழியில் நின்று, கயிறு கட்டிப் பட்டறைக்கு இழுத்து வந்தால், பொழுது சாய்வதற்குள் அந்த வார்த்தை வந்துவிடுகிறது: "இசிஎம் போயிருச்சுங்கண்ணா, மாத்தோணுங்க." டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களில் எது எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு டீசல் போக வேண்டும் என்று கணக்குப் போடும் கம்ப்யூட்டர் பெட்டி அது. அது வேலை செய்யாவிட்டால் செல்ஃப் சுற்றும், எஞ்சின் பிடிக்காது.

அப்போது வண்டிக்காரர் முன்னால் வைக்கப்படும் வழிகள் மூன்று. ஷோரூமில் புதுப்பெட்டி வாங்கலாம், உடைத்த வண்டியிலிருந்து கழற்றியதை வாங்கலாம், இருக்கிற பெட்டியையே ரிப்பேர் பண்ணலாம். மூன்றுக்கும் விலையை மட்டும் கேட்டுவிட்டு முடிவெடுப்பவர்கள்தான் அதிகம். விலையைவிட முக்கியமான ஒன்று அந்தப் பேச்சில் வருவதே இல்லை. உங்கள் பழைய பெட்டிக்குள் எழுதியிருக்கும் தகவல்தான் அது: உங்கள் சாவியோடு சேர்ந்த ரகசிய எண், சேசிஸ் எண், இன்ஜெக்டர்களின் கோடு (ஒவ்வொன்றுக்கும் உரிய குறியீட்டு எண்), உங்கள் மாடலுக்கான டீசல் கணக்கு. பெட்டியைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். அதற்குள் இருப்பது உங்கள் வண்டிக்கு மட்டுமே உரியது. அதனால் எந்த வழியில் போனாலும் பழைய பெட்டியைக் கைவிட்டுவிடாதீர்கள். செத்ததென்று சொல்லி எக்ஸ்சேஞ்சில் கேட்டாலும், உள்ளே இருக்கும் தகவலை நகல் எடுக்காமல் கொடுக்காதீர்கள்.

என் வரிசை இது: முதலில் ரிப்பேர், அது முடியாவிட்டால் கழற்றிய பெட்டியில் நகல், கடைசியில் புதுசு. எல்லா வண்டிக்கும் இதே வரிசை பொருந்தாது. எங்கே மாறும் என்பதையும் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது.

பெட்டிதான் போயிற்றா?

இசிஎம் அவ்வளவு சுலபத்தில் சாகிற பொருள் அல்ல. அதற்கு வரும் கரண்ட், எர்த், வயரிங் இவைதான் பெரும்பாலும் முதலில் கெடும். நம் பக்கம் தென்னந்தோப்புச் சாளையிலும் களத்துக் கொட்டகையிலும் நிற்கும் வண்டிகளுக்கு எலியைப் போல ஒரு பகை கிடையாது. வயரின் மேல்தோலைக் கடித்துவிட்டுப் போய்விடும். உள்ளே இருக்கும் செம்புக்கம்பி மெல்லப் பச்சை பூத்து, எப்போதோ ஒரு மழைநாளில் வேலையைக் காட்டும். அந்த நேரத்தில் இசிஎம்மைப் படிக்கும் ஸ்கேனரைப் போட்டால் ஐந்தாறு சென்சாரின் கோடு (பிழையைச் சொல்லும் எண்) ஒன்றாக வந்து நிற்கும்.

இதற்குக் காரணம் இருக்கிறது. சென்சார்களுக்கு இசிஎம் 5 வோல்ட் கொடுக்கிறது. அந்த 5 வோல்ட் லைன் பல சென்சார்களுக்குப் பொதுவானது. ஒரு சென்சார் உள்ளே ஷார்ட் ஆனாலோ, ஒரு வயர் பாடியில் உரசினாலோ, மொத்த லைனும் படுத்துவிடும். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத சென்சார்கள் எல்லாம் பிழை காட்டும். பார்ப்பவருக்கு, "இத்தனை கோடு வருது, அப்ப இசிஎம்தான்" என்று தோன்றிவிடுகிறது. சென்சார் கப்ளர்களை (வயர் மாட்டும் செருகிகளை) ஒவ்வொன்றாகக் கழற்றி, எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்ப வருகிறது என்று பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்து மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டியவை. பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை. செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே இறங்கினால் பேட்டரியையும் செல்ஃப் மோட்டாரையும் பாருங்கள். அவ்வளவு குறைந்த வோல்ட்டில் நல்ல இசிஎம்மும் தடுமாறும். எர்த்தை ஓம் வைத்துப் பார்ப்பது போதாது. கேபிளில் இரண்டு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலே ஓம் நன்றாகத்தான் காட்டும். சுமை ஏறும்போது பார்க்க வேண்டும். மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும், சிவப்பு முனையை இசிஎம் கப்ளரின் எர்த் பின்னிலும் வைத்துக்கொண்டு, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.1 வோல்ட் வாக்கில் இருந்தால் சரி. அதைத் தாண்டி நன்றாக ஏறினால், எர்த் போல்ட்டைக் கழற்றித் துருவைச் சுரண்டி இறுக்கிவிட்டுத் திரும்பப் பாருங்கள். "இசிஎம் போச்சு" என்று சொல்லப்பட்ட வண்டி இந்த ஒரு போல்ட்டிலேயே கிளம்பிப் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

சாவியை ஆன் செய்ததும் செக் எஞ்சின் விளக்கு எரிய வேண்டும். விளக்கும் வரவில்லை, ஸ்கேனரும் பேசவில்லை என்றால், பெட்டிக்குக் கரண்டே போகவில்லையோ என்றுதான் முதலில் சந்தேகம் வர வேண்டும். மெயின் ரிலே, ஃபியூஸ் இரண்டையும் பார்த்த பிறகே மற்றது. இன்னொன்று, 2010க்கு முந்தைய பல வண்டிகளில் ஸ்கேனர் மாட்டும் 16 பின் சாக்கெட் இருக்கும், ஆனால் இணையத்தில் வாங்கும் மலிவான ப்ளூடூத் ரீடரோடு அவை பேசாது. அந்த ரீடர் பேசவில்லை என்பதை வைத்துப் பெட்டிக்குச் சாவுச்சான்றிதழ் எழுதக்கூடாது.

சூடானால் நின்றுவிடுகிறது, அரைமணி நேரம் ஆறினால் ஸ்டார்ட் ஆகிறது என்ற புகார் ரொம்பச் சாதாரணம். பெட்டிக்குள் சோல்டர் விரிசல் விட்டிருந்தாலும் இப்படி நடக்கும். எஞ்சின் சுற்றுவதை இசிஎம்முக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் கெட்டாலும் அச்சு அசலாக இப்படியேதான் நடக்கும். செல்ஃப் சுற்றும்போது ஆர்பிஎம் முள் கொஞ்சம்கூட அசையவில்லை என்றால் சென்சாரை முதலில் சந்தேகப்படுங்கள். அதேபோல, செல்ஃப் அடிக்கும்போது ரெயில் பிரஷர் (இன்ஜெக்டர்களுக்குப் பொதுவான குழாயில் டீசலின் அழுத்தம்) 200, 300 பார் அளவுக்கு ஏறாவிட்டால் பெரும்பாலான காமன்ரெயில் எஞ்சின்களில் இன்ஜெக்டரைத் திறக்க இசிஎம் உத்தரவே கொடுக்காது. அது டீசல் ஃபில்டர், லைனில் காற்று, பம்ப், கசியும் இன்ஜெக்டர் என்று வேறு பக்கம் பார்க்க வேண்டிய கோளாறு.

பெட்டியைக் கைகாட்டும் கோடுகளும் உண்டு. பி0601, பி0605, பி0606 ஆகியவை இசிஎம் தன் சொந்த நினைவகத்தையும் பிராசசரையும் பற்றிச் சொல்லும் புகார்கள். யு0100 என்றால் மற்ற பெட்டிகளுக்கு இசிஎம்மின் குரல் கேட்கவில்லை என்று பொருள். வயர் அறுந்திருந்தாலும் கேட்காதுதானே. கேன் லைன் (பெட்டிகள் ஒன்றோடொன்று பேசும் இரட்டை வயர்) உள்ள வண்டியாக இருந்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, சாக்கெட்டின் 6, 14 பின்களுக்கு நடுவே ஓம் பாருங்கள். 60ஐ ஒட்டி வந்தால் அந்த லைன் நன்றாக இருக்கிறது. 120 காட்டினால் ஒரு பக்கம் எங்கோ விட்டிருக்கிறது.

இதையெல்லாம் நீங்களே செய்ய வேண்டும் என்று இல்லை. பட்டறையில், "எதை வச்சு இசிஎம்னு சொல்றீங்கண்ணா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். "கரண்ட், எர்த் எல்லாம் பாத்தாச்சுங்க, கிராங்க் சிக்னல் வருது, மூணாவது இன்ஜெக்டருக்கு மட்டும் பல்ஸ் வர்றதில்லீங்க" என்று பதில் வந்தால் அவர் வேலை தெரிந்தவர். "மத்ததெல்லாம் மாத்திப் பாத்தாச்சுங்க, இது ஒண்ணுதான் பாக்கி" என்று வந்தால் இன்னும் யாரும் எதையும் சோதிக்கவில்லை என்று அர்த்தம்.

ஷோரூம் புதுப்பெட்டி

புதுசின் பலம் வெளிப்படை. வாரண்டி உண்டு, வேலை ஒரே இடத்தில் முடியும், உள்ளே இருக்கும் பாகங்களுக்கு வயதாகவில்லை. பலவீனம் விலை. பெட்டி மட்டுமே ஐந்து இலக்கத்தில் போகும், புரோகிராமிங் கூலி தனி. எனக்கென்று ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்: வண்டியை இன்று விற்றால் என்ன கிடைக்குமோ, அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரு பெட்டிக்குப் போகுமானால் அந்த வழி வேண்டாம்.

புதுப்பெட்டி என்றால் மாட்டினவுடன் ஓடும் என்று நினைக்கக்கூடாது. பெரும்பாலும் வெறும் பெட்டியாகத்தான் வரும். உங்கள் மாடலுக்கான மென்பொருள் ஏற்ற வேண்டும், சேசிஸ் எண் எழுத வேண்டும், சாவிகளை அறிமுகப்படுத்த வேண்டும், இன்ஜெக்டர் தலையில் பொறித்திருக்கும் கோடுகளை ஏற்ற வேண்டும். கோடு ஏற்றாமல் விட்டால் வண்டி ஓடும், ஆனால் ஐடிலில் உதறும், புகை வரும், சத்தம் மாறும். சாவி எத்தனை இருக்கிறதோ அத்தனையையும் கையோடு கொண்டுபோங்கள். வீட்டில் விட்டுவந்த சாவி அப்புறம் வேலை செய்யாமல் போகலாம். எலக்ட்ரிக்கல் சாமானை ஒருமுறை மாட்டிவிட்டால் திருப்பி எடுக்க மாட்டார்கள். ஆக, சோதனை சரியில்லாமல் புதுசு வாங்கினால் பணமும் போய், கோளாறும் அப்படியே நிற்கும்.

மஹிந்திரா, டாட்டா வண்டிகளுக்கு நம் ஊர்களில் ஷோரூம் இருக்கிறது, கேட்டுப் பார்க்கலாம். செவர்லே 2017 முடிவில் இந்தியாவில் விற்பனையை நிறுத்திவிட்டது, ஃபோர்டு 2021 செப்டம்பரில் இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. கேப்டிவா, பழைய எண்டவர் வைத்திருப்பவர்கள் புதுசை நம்பி வண்டியை மாதக்கணக்கில் நிறுத்திவைப்பதற்கு முன், கையில் ஸ்டாக் இருக்கிறதா என்று எழுத்தில் பதில் வாங்கிவிடுவது நல்லது.

உடைத்த வண்டியில் கழற்றியது

கோவையில் உக்கடம், சென்னையில் புதுப்பேட்டை. பழைய பார்ட்ஸ் என்றால் நம் ஆட்கள் இந்த இரண்டையும்தான் சொல்வார்கள். விபத்தில் நொறுங்கிய வண்டியின் இசிஎம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், அதனால் இந்த வழியை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் இதில் சறுக்கும் இடங்கள் அதிகம்.

முதல் சறுக்கல் எண். பெட்டியின் லேபிளில் இருக்கும் ஹார்டுவேர் எண் கடைசி இலக்கம் வரை ஒத்துப்போக வேண்டும். போஷ் நிறுவனம் செய்த டீசல் பெட்டி என்றால் அந்த எண் 0 281 என்று தொடங்கும், பெட்ரோல் என்றால் 0 261. "அதே ஸ்கார்ப்பியோதானுங்க, அதே மாடல்" என்ற உத்தரவாதத்தை ஏற்றுக்கொள்ளாதீர்கள். 2.6 லிட்டர் சிஆர்டிஇயும் அதற்குப் பிறகு வந்த 2.2 லிட்டர் எம்ஹாக்கும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே வண்டிதான், எஞ்சின் வேறு. சஃபாரியிலும் 3.0 டைகோர், 2.2 டைகோர் என்று இரண்டு உண்டு.

இதைவிட நுட்பமான ஒன்று நம் ஊர்க்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. 2010 ஏப்ரலில் பிஎஸ்-4 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில்தான் அமலானது. மற்ற இடங்களுக்கு அதற்கு முந்தைய படியான பிஎஸ்-3தான். நாடு முழுவதும் பிஎஸ்-4 ஆனது 2017 ஏப்ரலில். அதாவது 2011இல் சென்னையில் பதிவான வண்டியும், அதே வருடம் ஈரோட்டிலோ நாமக்கல்லிலோ பதிவான அதே பெயருள்ள வண்டியும் வேறு வேறு விதிக்குச் செய்யப்பட்டவையாக இருக்கலாம். சென்சார் எண்ணிக்கை, இஜிஆர் (கழிவுப்புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பிவிடும்) அமைப்பு, மென்பொருள் எல்லாம் மாறும். வருடத்தை மட்டும் ஒப்பிட்டுப் புதுப்பேட்டையிலிருந்து பார்சலில் வரவழைக்கிறவர்கள் ஏமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம். லேபிளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, எண்ணை ஒத்துப்பார்த்த பிறகு பணம் போடுங்கள்.

இரண்டாவது சறுக்கல் தண்ணீர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மூழ்கிய வண்டிகள் ஏராளம், 2023 மிக்ஜாம் புயலிலும் அப்படியே. மூழ்கிய வண்டியின் பெட்டியும் சந்தைக்கு வரும். கப்ளர் பின்களில் பச்சை, அலுமினிய உறையின் ஓரத்தில் வெள்ளைப் பொடி, உறையைத் திறந்து மீண்டும் ஒட்டிய சிலிக்கான் தடம், இதில் எது தெரிந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

மூன்றாவது, கழற்றியதை அப்படியே மாட்டினால் ஓடாது. உங்கள் சாவியை அந்தப் பெட்டி அடையாளம் காணாது, இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகவிடாத பூட்டு) தடுத்துவிடும். சரியான முறை குளோனிங்: உங்கள் பழைய பெட்டியின் நினைவகத்தில் இருப்பதை முழுதாகப் படித்து, கழற்றிய பெட்டியில் அப்படியே எழுதுவது. சாவி, சேசிஸ் எண், இன்ஜெக்டர் கோடு எல்லாம் கூடவே வந்துவிடும். மாட்டினால் வண்டிக்கு வித்தியாசமே தெரியாது. சிலர் இதற்குப் பதிலாக, "இம்மொபிலைசரையே ஆஃப் பண்ணிரலாங்க, தொல்லையே இல்ல" என்பார்கள். நான் இதை முழுமனதோடு எதிர்க்கிறேன். தோட்டத்துச் சாளையில் இரவெல்லாம் தனியாக நிற்கும் வண்டிக்கு இருக்கும் ஒரே நல்ல பூட்டை நாமே காசு கொடுத்து உடைப்பது அது.

பில் இல்லாமல் வாங்காதீர்கள். கழற்றிய பெட்டிக்குள் அதன் பழைய வண்டியின் சேசிஸ் எண் இருக்கலாம். அது திருட்டு வண்டியாக இருந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.

இத்தனையும் சரியாக அமைந்தாலும் ஒரு விஷயம் மிச்சம் நிற்கிறது. கழற்றிய பெட்டிக்கும் உங்கள் பெட்டியின் வயதுதான். உங்களுடையதில் எந்தக் கெப்பாசிட்டர் காய்ந்ததோ, எந்த சோல்டர் விரிந்ததோ, அதிலும் அது நடக்கக் காத்திருக்கிறது. ரிப்பேரை நான் இதற்கு முன்னால் வைப்பது இதனால்தான்.

இருப்பதையே சரிசெய்வது

சர்க்யூட் போர்டில் கை வைக்கத் தெரிந்தவர்கள் கொங்குநாட்டில் குறைவில்லை. சோமனூர், பல்லடம் பக்கம் ஆட்டோ லூம் போர்டுகளையும் கோவையில் சிஎன்சி இயந்திரப் போர்டுகளையும் பார்த்துப் பழகிய கைகள் இருக்கின்றன. 2017க்குப் பிறகு லாரிகள் எல்லாம் பிஎஸ்-4க்கு மாறியதால் நாமக்கல், சங்ககிரி வட்டாரத்தில் லாரி இசிஎம் வேலைக்குத் தேவை ஏறியது. ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். போர்டில் சோல்டர் வைப்பது ஒரு திறமை, வண்டியின் தகவலைப் பாதுகாப்பாகப் படித்து எழுதுவது வேறு திறமை. லூம் போர்டு பார்ப்பவருக்கு முதலாவது மிக நன்றாக வரும்; இரண்டாவது தெரியாமல் உங்கள் பெட்டியைத் திறக்கக்கூடாது.

எது சரியாகும்? சோல்டர் விரிசல், காய்ந்த கெப்பாசிட்டர், வோல்டேஜ் ரெகுலேட்டர், இன்ஜெக்டர் டிரைவர், ரிலேயை இழுக்கும் டிரான்சிஸ்டர், கப்ளர் பின் அரிப்பு. பழைய வண்டிகளில் வரும் கோளாறுகளில் பெரும்பகுதி இவைதான். சில ஐசிக்கள் (போர்டில் இருக்கும் சிப்புகள்) போஷ் தனக்கென்று செய்துகொள்பவை, கடையில் நேர்வழியில் கிடைக்காது. வேறொரு செத்த போர்டிலிருந்து எடுத்துப் போடுவார்கள். அது தப்பில்லை, ஆனால் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். செலவு பெரும்பாலும் நான்கு இலக்கத்தில் முடியும், சாவியும் கோடும் எதுவும் மாறாது, வண்டி சில நாள் நிற்கும்.

எது சரியாகாது? தண்ணீர் உள்ளே போய் மாதக்கணக்கில் ஊறிய போர்டு. பல அடுக்குப் போர்டின் உள்தடங்களில் அரிப்பு இறங்கிவிட்டால் இன்று ஓடும், அடுத்த மழையில் நிற்கும். பிராசசரே எரிந்திருந்தாலும் வேலைக்கு ஆகாது. எஞ்சின் மேலேயே பொருத்தும் சில பெட்டிகளில் பீங்கான் தளத்தில் மயிரிழை போன்ற அலுமினியக் கம்பிகளை ஒட்டியிருப்பார்கள், மேலே ஜெல் ஊற்றியிருக்கும். சாதாரண சோல்டர் இரும்பு அங்கே எடுபடாது. இந்த மூன்றிலும் என் வரிசை மாறி, கழற்றிய பெட்டி முதலிடத்துக்கு வந்துவிடும். அப்போதும் பல பெட்டிகளில் சாவித் தகவல் ஒரு சின்ன எட்டுக்கால் சிப்பில் தனியாக இருக்கும். மற்றதெல்லாம் போனாலும் அதைக் கழற்றிப் படித்துவிட முடிவதுண்டு. பழைய பெட்டியை எறியாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகவும்தான்.

ரிப்பேர் செய்பவரை எப்படித் தெரிந்துகொள்வது? திறப்பதற்கு முன் முழு நகல் எடுப்பாரா என்று கேளுங்கள். மேஜை மேலேயே பெட்டிக்குக் கரண்ட் கொடுத்து, கிராங்க் சிக்னலைப் போலியாகக் கொடுத்து, இன்ஜெக்டர் பல்ஸ் வருகிறதா என்று காட்ட வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். மாற்றிய பாகத்தைத் திருப்பித் தருவாரா? மூடும்போது எந்த சீலன்ட்? பெட்டிக்குக் காற்று போய்வர ஒரு சின்னச் சவ்வு இருக்கும், அதன் மேல் சிலிக்கானை அப்பிவிட்டால் உள்ளே வேர்த்து நீர் கட்டும். இதற்கெல்லாம் நிதானமாகப் பதில் சொல்பவரிடம் நம்பிக் கொடுக்கலாம்.

"கையோட இஜிஆரையும் ஆஃப் பண்ணி, பிக்கப்பும் ஏத்தித் தர்றேனுங்க" என்று சேர்த்து விற்பவர்கள் உண்டு. வேண்டாம். புகைக் கட்டுப்பாட்டை எடுப்பது சட்டத்துக்கும் புறம்பு, பதினைந்து வருட எஞ்சினுக்கு அந்தக் கூடுதல் சுமை நல்லதும் அல்ல.

எது கொன்றது?

மூன்று வழியில் எதில் போனாலும் இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் வண்டியில் நல்ல பெட்டியை மாட்டாதீர்கள். காமன்ரெயில் இன்ஜெக்டரைத் திறக்க 12 வோல்ட் போதாது. இசிஎம் உள்ளேயே அதை 65 முதல் 80 வோல்ட் வரை ஏற்றி அடிக்கிறது. இன்ஜெக்டருக்குள் இருக்கும் காயிலோ (கம்பிச்சுருள்) அதன் வயரோ பாடியில் ஷார்ட் ஆனால் அந்த டிரைவர் எரிந்துவிடும். காரணத்தை விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் மாற்றினால் புதுசும் அதே வழியில் போகும். சோலனாய்டு இன்ஜெக்டரின் காயில் பொதுவாக அரை ஓமுக்கும் கீழே, சாதாரண மீட்டருக்குப் பிடிபடாத அளவு. ஆகவே நான்கையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, ஒவ்வொன்றும் பாடியோடு தொடர்பில்லாமல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஓடும் எஞ்சினில் அந்த வயரைக் கையால் தொடாதீர்கள்.

மற்ற கொலைகாரர்கள் பழகியவர்களே. பேட்டரியைக் கழற்றாமல் முன் பம்பர் கம்பிக்கும் டோ ஹூக்குக்கும் வெல்டிங் வைப்பது. ஜம்பர் கேபிளை மாற்றிக் கொடுப்பது. வாட்டர் சர்வீஸில் எஞ்சின் மேல் பிரஷர் பைப்பை நேராகப் பிடிப்பது. ஆல்டர்னேட்டர் ரெகுலேட்டர் கெட்டு 15 வோல்ட்டுக்கு மேல் ஏறிக்கொண்டே இருப்பது. இன்னொன்று பலர் கவனிக்காதது: கசியும் ஒரு சென்சாரிலிருந்து எண்ணெய் வயரின் இழைகளுக்குள்ளேயே ஊர்ந்து இசிஎம் கப்ளர் வரை வந்துவிடும். கப்ளரைக் கழற்றும்போது உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பெட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை, அந்தச் சென்சாரைத் தேடுங்கள்.

விற்றுவிடுவது, எஞ்சினையே மாற்றுவது

ஸ்டார்ட் ஆகாத வண்டியை விற்றால் இரும்பு விலைக்குப் பக்கத்தில்தான் கேட்பார்கள். விற்பதாக முடிவு செய்திருந்தாலும் ரிப்பேர் பண்ணி ஓட்டிக் காட்டி விற்பதே லாபம். பதிவுக்கு 15 வருடம் நெருங்கும் வண்டி என்றால் கணக்கு மாறும். அதற்குப் பிறகு ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும், காருக்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாக உயர்ந்தது, ஃபிட்னஸுக்கு டிங்கரிங், டயர் என்று தனியாக ஆகும். பாடியும் சேசிஸும் துருப்பிடித்திருந்தால் இசிஎம்முக்குச் செலவு செய்யாதீர்கள்.

கம்ப்யூட்டரே வேண்டாமென்று மெக்கானிக்கல் பம்ப் உள்ள எஞ்சினை இறக்கி வைக்கச் சொல்பவர்களும் நம் பக்கம் இருக்கிறார்கள். ஆர்சியில் எஞ்சின் எண் இருக்கிறது. ஆர்டிஓ அனுமதி இல்லாமல் மாற்றினால் இன்சூரன்ஸ் கேட்கும் நாளில் கையை விரித்துவிடுவார்கள். இதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

ஓட்டிப் பார்த்துப் பணம் கொடுப்பது

பட்டறை வாசலில் ஸ்டார்ட் ஆனதை வைத்து முழுப்பணமும் கொடுத்துவிடாதீர்கள். சோல்டர் விரிசல் சூட்டில்தான் தெரியும். மதிய வெயிலில், ஏசி போட்டு, உடுமலை ரோடு மாதிரி நேரான சாலையில் நன்றாக ஓட்டுங்கள். நிறுத்தி, சூடு ஆறுவதற்குள் அணைத்து அணைத்து ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள். அதில் தேறிய பிறகு ஆழியாறு தாண்டி வால்பாறை வளைவுகளில் கொஞ்சம் ஏற்றிப் பார்க்கலாம். பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும் 27 வளைவுகளைச் சோதனைக்கு வைத்துக்கொள்ள வேண்டாம். லாரிகளுக்கு நடுவே வளைவில் எஞ்சின் அணைந்தால் பவர் ஸ்டியரிங்கும் பிரேக் பூஸ்டரும் கூடவே கனத்துவிடும், பொழுது போனால் அது யானைத் தடம், இரவுப் போக்குவரத்துக்குத் தடையும் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் ஸ்கேனர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். விளக்கு எரியாவிட்டாலும் உள்ளே கோடு பதிவாகியிருக்கும். புதிதாக எதுவும் வரவில்லை என்றால் பாக்கிப் பணத்தைக் கொடுத்துவிட்டு மூன்று சாமானைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: எத்தனை மாதம் என்று எழுதிய வாரண்டிச் சீட்டு, மாற்றிய பழைய ஐசி, பெட்டிக்குள் இருந்ததன் நகல் உள்ள பென்டிரைவ். நகலை இரண்டாவது இடத்திலும் போட்டு வையுங்கள், கோப்பின் பெயரில் வண்டி எண்ணும் தேதியும் இருக்கட்டும்.